நாற்பது 'அவர்களே'

தாழைக்குளத்தின் கிழக்குக் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளை மேட்டில் கல்லோடு கல்லாக முட்டைகள் கிடந்தன. பார்த்து நடக்கிறவர்கள் காலுக்கு அவை தப்பும். கண்மண் தெரியாமல் ஓடுகிறவர்கள் காலுக்குத் தப்பாது.

அதனால்தான் ஆள்காட்டிக்கு வாய் நீளம். தூரத்தில் ஒரு நிழல் அசைந்தாலும் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று காட்டையே கூட்டிவிடும்.

மூன்று வருடம் வறண்டு கிடந்த குளம் அந்த வருடம் நிரம்பியது. காட்டுக்கே ஒரே சந்தோஷம். மழையைக் கொண்டுவந்தது மேகம். பெருமையை எடுத்துக்கொள்ள முன்வந்தது கடமான்.

"குளம் நிரம்பிய விழா எடுக்கணும்! நானே தலைமை தாங்குறேன்!" என்றது கடமான்.

எல்லோரும் சரி என்றார்கள். இனிமேல் கடமானை 'அது' என்று சொல்லக் கூடாது, 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். தலைவராகிவிட்டார் அல்லவா!

குளத்தை ஒட்டி ஒரு புல்திடல் இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மற்றப் பக்கமெல்லாம் கருவேல முள்புதர். உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டே வழிகள். மேற்கே அகலமாக ஒன்று. கிழக்கே ஒடுக்கமாக ஒன்று. அந்தக் கிழக்கு வழியின் ஓரத்தில்தான் ஆள்காட்டியின் சரளை மேடு.

விழாக் குழு திடலில் கூடியது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கிழக்கு வழியில அலங்கார வளைவு வைக்கிறோம். வளைவு உச்சியில என் கொம்பு மாதிரியே மூங்கில்ல செஞ்சு வைக்கணும். வர்றவங்க அத்தனை பேரும் அதுக்குக் கீழே குனிஞ்சு வரணும்!"

"மேற்கு வழியா வந்துட்டா என்ன பண்றது தலைவரே?" என்று கேட்டது காட்டுப்பன்றி.

"முள்ளைப் போட்டு அடைச்சிருங்க!"

கூட்டத்தின் ஓரத்தில் ஆள்காட்டி கேட்டுக்கொண்டிருந்தது. துள்ளி முன்னால் வந்தது.

"தலைவரே, உள்ளே எந்த வழியா வேணும்னாலும் வரட்டும். ஆனா ஏதாவது ஒண்ணுன்னா இத்தனை காலும் ஒரே சந்துல எப்படி வெளியே போகும்? முட்டிமோதி மிதிபட்டுச் சாகும். என் முட்டை வேற அந்தச் சந்து ஓரத்துலதான் கிடக்கு. மேற்கு வழியைத் திறந்தே வையுங்க."

தலைவருக்கு மூக்கு விடைத்தது.

"ஏம்மா, விழா இன்னும் தொடங்கவே இல்லை. அதுக்குள்ள ஓடுறதைப் பத்திப் பேசுறியே! நல்ல காரியத்துல அபசகுனமா?"

"அபசகுனம்! அபசகுனம்!" என்றது குழு. யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தை போதும், அன்றைய வேலை முடிந்துவிடும்.

அடுத்தது மேடை. குளக்கரையில் ஒரு மருத மரம் விழுந்து கிடந்தது. அடிப்பக்கம் கரையில், நுனிப்பக்கம் தண்ணீருக்கு மேலே. அதுதான் மேடை என்று முடிவானது. ஆள்காட்டி அதன்மேல் இறங்கி அலகால் தட்டிப் பார்த்தது. தொப், தொப் என்றது.

"தலைவரே, உள்ளே கறையான் தின்னு பொள்ளலாக் கிடக்கு. இது பாரம் தாங்காது."

"அதையெல்லாம் பார்க்கத்தானே பாதுகாப்பு அதிகாரி இருக்கார்! ஓணானே, இந்த மரம் தாங்குமா?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"பார்த்தியா? தாங்குமாம்!"

ஆள்காட்டி விடவில்லை. "ஓணானே, இந்த மரம் ஒடிஞ்சு போகுமா?" என்று கேட்டது.

ஓணான் அதற்கும் தலையை மேலும் கீழும் ஆட்டியது. பிறந்ததிலிருந்து அது அப்படித்தான். ஈ பறந்தாலும் ஆட்டும், இடி விழுந்தாலும் ஆட்டும். அந்தத் தகுதிக்காகத்தான் அதற்குப் பதவியே கிடைத்தது. ஆனால் இரண்டாவது ஆட்டலைப் பார்க்கத் தலைவருக்கு நேரம் இல்லை. மேடையில் யார் யார் உட்காருவது என்ற பெரிய பிரச்சினை வந்துவிட்டது.

வளைவுக்கு மூங்கில் கொண்டுவந்த காட்டுப்பன்றிக்கு மேடையில் இடம் வேண்டும். அந்த மூங்கில் இருந்த இடத்தைக் காட்டிய குரங்குக்கும் வேண்டும். குரங்கின் மைத்துனனுக்கும் வேண்டும். யாரைக் கேட்டாலும் விழாவே தன்னால்தான் நடக்கிறது என்றார்கள். கடைசியில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். திடலில் நின்று விழாவைப் பார்க்க யார் வரப்போகிறார்கள், அவர்களுக்கு நிழல் உண்டா, குட்டிகளை எங்கே விடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"மேடையில இருக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி 'அவர்களே' போட்ட பிறகுதான் யாரா இருந்தாலும் வாயைத் திறக்கணும்," என்று தலைவர் உத்தரவு போட்டார். "ஒரு பேர் விட்டுப் போனாலும் முதல்ல இருந்து சொல்லணும்! ஆள்காட்டி, உனக்குத்தான் குரல் பெரிசு. நீதான் அறிவிப்பாளர்."

ஆள்காட்டி சற்று யோசித்தது. "சரி. ஆனா விழா அன்னைக்கு என் முட்டையைச் சுத்திக் காவல் போடணும்" என்றது.

"போட்டாச்சு! இரண்டு முள்ளம்பன்றிகள்!"

உண்மையைச் சொல்ல வேண்டும். ஆள்காட்டிக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துதான் போனது. அறிவிப்பாளர் என்றால் சும்மாவா! விழா வரைக்கும் பத்து நாள் அது மேற்கு வழியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாற்பது பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

விழா நாள் வந்தது. முயல்கள் வந்தன. மான்கள் குட்டிகளோடு வந்தன. கீரி, உடும்பு, காட்டுக்கோழி என்று திடல் நிரம்பி வழிந்தது. வளைவுக்குக் கீழே எல்லோரும் குனிந்து குனிந்து வந்தார்கள். தலைவர் மேடையில் நின்று ஒவ்வொரு குனிவையும் கண்ணாரக் கண்டு களித்தார்.

சிறப்பு விருந்தினர் யானை. உச்சிவேளைக்கு வர வேண்டியவர், வெயில் சாயும்போது வந்தார். அதற்குள் குட்டிகள் தாகத்தில் அழுது ஓய்ந்திருந்தன. குளத்துத் தண்ணீர் கண் முன்னாலேயே இருந்தது. ஆனால் விருந்தினர் குடிப்பதற்கு முன்னால் யாரும் வாய் வைக்கக் கூடாதாம்!

யானை வளைவுக்கு அருகில் வந்து நின்றார். அவரால் அதற்குள் நுழைய முடியாது. வெளியே சுற்றிப்போய்த் தண்ணீரில் இறங்கி, குளத்து வழியாகவே மேடைக்கு வந்தார்.

"வரவேற்பு அணிவகுப்பு எங்கே? முள் தூக்கி நிக்கிறதுக்கு ஆள் எங்கே?" என்று தலைவர் கத்தினார். யாரோ ஓடிப்போய்ச் சரளை மேட்டில் காவல் நின்ற இரண்டு முள்ளம்பன்றிகளையும் கூட்டி வந்துவிட்டார்கள்.

அறிவிப்புச் செய்வதற்காகத் திடலில் ஒரு புற்றின்மேல் நின்றிருந்த ஆள்காட்டி இதைப் பார்த்தது. நான்கு முட்டையும் வெட்டவெளியில் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து மேடை முனகியது. 'கிர்ர்ர்...'

மேடையில் நாற்பது பேரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பொன்னாடை தயாராக இருந்தது. கோரைப்புல்லில் ஆவாரம்பூ வைத்துப் பின்னியது. அதை வாங்கிக்கொள்ள யானை முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைக்கப் போனார்.

"டிட்டி..." என்று தொடங்கியது ஆள்காட்டி.

"முறை! முறை!" என்று அதட்டினார் தலைவர். "பேரைச் சொல்லிட்டுப் பேசு!"

பத்து நாள் பழக்கம் லேசுப்பட்டதா? ஆள்காட்டியின் வாய் தானாகவே ஆரம்பித்தது.

"மாண்புமிகு தலைவர் கடமான் அவர்களே! வள்ளல் காட்டுப்பன்றி அவர்களே! மூங்கில் காட்டிய முதல்வர் குரங்கு அவர்களே! பாதுகாப்பு அதிகாரி ஓணான் அவர்களே! கானத்துக் குரலோன் ஆந்தை அவர்களே..."

"நிறுத்து!" என்று சீறியது குரங்கின் மைத்துனன். "எனக்கு அடுத்துதான் ஓணான்! என் பேர் எங்கே?"

"விட்டுப் போச்சா? முதல்ல இருந்து சொல்லு!" என்றார் தலைவர்.

'கிர்ர்ர்... டக்!'

"மாண்புமிகு தலைவர் கடமான் அவர்..."

ஆள்காட்டி அங்கே நின்றது. நாற்பது பெயர். மரத்துக்கு அவ்வளவு நேரம் பொறுமை இருக்குமா? திடலில் எத்தனை குட்டிகள்! என் நான்கு முட்டைகள்! நான் ஏன் இப்படி ஆனேன்? நிழல் அசைந்தாலே கத்துகிற நான், மரம் ஒடியும்போது மரியாதை சொல்லிக்கொண்டிருக்கிறேனே! அதற்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஏய் யானை!" என்று அலறியது. "காலை வைக்காதே! மரம் பொள்ளல்! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

காடே திரும்பிப் பார்த்தது. 'அவர்களே' இல்லை! 'ஐயா' கூட இல்லை! யானையைப் போய் 'ஏய்' என்பதா?

யானை காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை. தன் எடை அவருக்குத் தெரியும்.

"இந்தக் குருவியைப் பிடிங்க!" என்று தலைவர் குதித்தார். அவர் குதித்த குதியில்தான் மரம் ஒடிந்தது. 'மடார்!'

முப்பத்தொன்பது பேரும் பொத்துப் பொத்தென்று தண்ணீரில் விழுந்தார்கள். தலைவர் மட்டும் ஒரே தாவில் கரைக்கு வந்தார். யார் மூழ்குகிறார்கள், யார் தத்தளிக்கிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கிழக்கு வழியை நோக்கி முதல் ஆளாக ஓடினார். அன்றைக்கு அவர் உண்மையிலேயே தலைமை தாங்கியது அந்த ஓட்டத்துக்குத்தான்.

குனிந்து போக வேண்டிய வளைவில் தலைவர் நிமிர்ந்து நுழைந்தார். அவர் கொம்பு மூங்கில் கொம்பில் சிக்கிக்கொண்டது. வளைவு சாய்ந்தது. தலைவர் வழியை அடைத்துக்கொண்டு பின்னங்கால்களை உதறினார். பின்னால் கூட்டம் அலைமோதியது. முயல்கள் நசுங்கின. குட்டிகள் வீறிட்டன.

"யானை! மேற்கே போ! முள்ளை மிதி!" என்று கத்தியது ஆள்காட்டி.

யானை தண்ணீரிலிருந்து கரையேறி நான்கே எட்டில் மேற்குப் பக்கம் போனார். அடைத்திருந்த முள்ளைக் காலால் துவைத்துத் தள்ளினார். அகலமான வழி திறந்தது.

"எல்லாரும் இந்தப் பக்கம்! ஓடாதீங்க! குட்டிங்க முன்னால! டிட்டிட்டீ!"

ஆள்காட்டி கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து பறந்து கத்தியது. கூட்டம் திரும்பியது. மேற்கு வழியாக மளமளவென்று வெளியேறியது. தண்ணீரில் விழுந்தவர்களை யானை திரும்பி வந்து ஒவ்வொருவராகத் தும்பிக்கையால் தூக்கிக் கரையில் போட்டார். கால் ஒடிந்தவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்குக் காட்டில் ஓர் உயிரும் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆள்காட்டி சரளை மேட்டுக்குப் போய்ப் பார்த்தது. மூன்று முட்டைகள் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில் ஒரு குளம்படி இருந்தது. கடமானின் பின்னங்கால் உதறிய இடம்.

அது அந்த ஈரத்தின் பக்கத்தில் வெகுநேரம் நின்றது. பத்து நாள் முன்னாலேயே விடாமல் கத்தியிருந்தால் நான்கும் இருந்திருக்கும் என்று அதற்குத் தெரியும். அழுதது.

மறுநாள் விழாக் குழு கூடியது. கடமானின் ஒரு கொம்பு ஒடிந்திருந்தது. இனி அதை 'அது' என்றே சொல்வோம்.

"விழா பிரமாதமா நடந்துச்சு," என்றது கடமான். "கடைசியில கொஞ்சம் குழப்பம். அதுக்கு அந்தக் குருவி போட்ட கூச்சல்தான் காரணம். என்ன ஓணானே?"

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டியது. தீர்மானம் நிறைவேறியது!

அடுத்த வருடமும் குளம் நிரம்பியது. இந்த முறை முயல்களும் மான்களும் தாங்களாகவே சரளை மேட்டுக்கு வந்தன.

"அக்கா, நீங்களே விழாவை எடுத்து நடத்துங்க" என்றன.

ஆள்காட்டி முதலில் இரண்டு வழியையும் அலகால் அளந்தது. முள்ளை இன்னும் விலக்கச் சொன்னது. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தியது. குட்டிகளுக்குத் தண்ணீர் ஓரத்தில் நிழலான இடம் ஒதுக்கியது. இத்தனை பேருக்கு மேல் திடல் தாங்காது என்று கணக்குப் போட்டு, மிச்சப் பேரைச் சாயங்காலம் வரச் சொன்னது.

"மேடை எங்கே போடலாம்?" என்று கேட்டது ஒரு மான்.

"மேடை எதுக்கு? எல்லாரும் தரையில உட்காருவோம்."

போன வருடம் மேடையில் இருந்த நாற்பது பேருக்கும் முறையாக அழைப்பு போனது. மேடை இல்லை என்று தெரிந்ததும் முப்பத்தேழு பேர் வரவில்லை. கூட்டம் நெரியாமல் விழா நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, ஊர் கூடும் இடத்தில் முதலில் வெளியேறும் வழியைத் திறந்து வைக்க வேண்டும். ஆபத்தைச் சொல்ல வருகிறவரிடம் மரியாதையை எதிர்பார்த்து நிற்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் முட்டாள்தான்.