வரையாட்டின் முதுகில் ஒட்டிய சாம்பல்

அந்தக் காலத்தில் விலங்குகளும் மனிதர்களும் பேசிக்கொள்வது வழக்கம். மேற்கு மலையின் உச்சிப் பாறைகளில் வாழ்ந்த வரையாடுகள் மட்டும் மனிதரைக் கண்டால் வாய் திறக்காமல் விலகிப் போய்விடும். அடிவாரத்து ஆட்கள் அவற்றுக்குக் கண்ணி வைத்துவந்ததுதான் காரணம். அப்போது வரையாட்டுக் கடாக்கள் கொம்படியிலிருந்து வால்வரை ஒரே கரும்பழுப்பு.

அடிவாரத்து ஊர் ஒன்றில் பூவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். ஊர் வழியாக ஓடும் ஓடை எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. உச்சிவரை போனவர் ஊரில் ஒருவரும் இல்லை. கண்ணி வைக்கப் போகிறவர்கள்கூடப் பாதி மலையோடு திரும்பிவிடுவார்கள். அவள் கணவன் சடையனும் அப்படிப் போய்வந்தவன்தான்.

"தண்ணி வருதல்ல, அது போதாதா?" என்று இரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் வருஷம் கம்பு மாவையும் கம்பளியையும் மூட்டை கட்டிக்கொண்டு அவனே முன்னால் நடந்தான். நெருப்புக் கங்கைச் சட்டியில் மூடி அவள் எடுத்துக்கொண்டாள்.

ஓடைக் கரையோடே ஏறினார்கள். மூங்கில் காட்டில் அட்டைகள் கால்விரல் இடுக்கெல்லாம் ஏறின. இரண்டாம் நாள் மாலை ஒரு பாறைக் குடைவில் தங்கி, கங்கை ஊதிக் கூழ் காய்ச்சினார்கள். கீழே ஊர் கையகலத்துக்குத் தெரிந்தது.

"நம்ம ஊடு எதுங்க?"

"அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம், ஒரு புள்ளி தெரியுதே, அதுதான்" என்ற சடையன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இவருக்கும் மலை பிடித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது பெருமழை. வந்த பாதை மண்ணோடு சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. எட்டிப் பார்க்கப் போன சடையன் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். பூவாத்தாள் அவனைக் குடைவுக்குள் இழுத்துப் போட்டு, கொழுந்து மூங்கிலைப் பிளந்து கட்டுப் போட்டாள். இரண்டு நாளில் மாவு தீர்ந்தது. அவன் உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

மழை தொடங்கிய மூன்றாம் நாள் அது விட்டு, மஞ்சு மூடுபனியாக இறங்கியது. மேலே, கால் வைக்கவே இடமில்லாத பாறை விளிம்பில், ஒரு பெரிய கடா நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, கீழ போக வழியில்லீங்க. மேல போக ஒரு வழி இருந்தாக் காட்டுங்க" என்று பூவாத்தாள் கும்பிட்டாள்.

கடா ஒரு விளிம்பு கீழே இறங்கி நின்றது. பிறகு, "மேலே ஏறினால் அந்தப் பக்கம் சரிவு லேசாக இறங்கும். ஆனால் போன மழைக்காலத்தில் என் தம்பி உங்கள் ஊர்க் கண்ணியில் செத்தான். அதை வைத்தது யார்?" என்று கேட்டது.

தெரியாது என்று சொல்லிவிடலாமே என்று பூவாத்தாளுக்குத் தோன்றியது. சடையன் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"பாதி மலையில, ஓடைப் பாறைக்குப் பக்கத்துல வச்சதா? அது நான் வச்சதுங்க. எனக்காக நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். இவளை மட்டும் ஏத்தி விட்டுருங்க."

கடா திரும்பி மஞ்சுக்குள் போய்விட்டது. பூவாத்தாள் புருஷனைத் திட்டவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சலில் சுட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உச்சிவேளைக்குக் கடா குடைவின் வாசலில் வந்து நின்றது.

"என் கோபம் போகவில்லை" என்றது. "ஆனால் இந்தப் பாறையில் ஏறும்போது, என் மேல் இருக்கிறவன் வழுக்குகிறது என்றால் வழுக்குகிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறவனை என்னால் சுமக்க முடியாது. உன்னைச் சுமக்கலாம்."

சொல்லிவிட்டு முன்கால்களை மடித்துக் குனிந்தது.

மஞ்சில் நனைந்த அதன் முதுகு எண்ணெய் பூசியதுபோல் வழுக்கியது. பூவாத்தாள் அடுப்புச் சாம்பலை இரு கைகளாலும் அள்ளி அந்த முதுகில் அழுந்தத் தேய்த்தாள். சடையனை அதன்மேல் கிடத்தி, கம்பளியால் சுற்றிக் கட்டினாள். கடா ஒவ்வொரு குளம்பாக நிதானித்து வைத்து ஏறியது. அது மிதித்த இடத்தையே மிதித்து அவளும் பின்னால் ஏறினாள். "இடப்பக்கம் சாயறேனுங்க" என்பான் சடையன். கடா நின்று அவனைச் சமன்செய்துகொள்ளும்.

பொழுது சாய்வதற்குள் உச்சிக்கு வந்துவிட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி. அதன் மடிப்பில் ஒரு சின்னச் சோலை. மரங்களின் வேரடியில் தண்ணீர் ஓசையில்லாமல் கசிந்து புல்லுக்குள் இறங்கியது. குட்டிகள் அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. பூவாத்தாள் ஒரு கை அள்ளிச் சடையன் வாயில் ஊற்றினாள். அவன் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சடையனை இறக்கிவிட்டதும் கடா ஊற்றோரம் புரண்டு பார்த்தது. சாம்பல் போகவில்லை. பூவாத்தாள் புல்லைக் கசக்கித் தேய்த்தும் போகவில்லை.

"இருக்கட்டும்" என்றது கடா. "சுமந்த முதுகு என்று தெரியட்டும்."

மறுநாள் மறுசரிவு வழியாக ஊர்ப்பாதைவரை அவர்களைக் கொண்டுபோய் விட்டது. கால் கூடிய பிறகு சடையன் செய்த முதல் வேலை, தடி ஊன்றிக்கொண்டு காட்டுக்குள் போய், தான் கட்டிய கண்ணிகளையெல்லாம் அறுத்துப் போட்டதுதான். அடுத்த கோடையில் அந்த மறுசரிவு வழியாக ஊர்க்காரர் இருபது பேரை ஊற்றுக்குக் கூட்டிப்போனாள் பூவாத்தாள். போனவர்கள் அப்புறம் கண்ணி கட்டவில்லை.

அன்று முதல்தான், வரையாட்டுக் கடா பாரம் தாங்கும் வயதுக்கு வந்ததும், அதன் கரிய முதுகில் சாம்பல் தேய்த்ததுபோல் ஒரு வெளுப்பு விழுகிறது.