பன்னிரண்டு மூட்டையும் ஒரே எடை

ஈரோட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கு மென்பொருள் எழுதும் சின்ன ஆபீஸ் ஒன்று. அங்கே மேலாளர் தண்டபாணி வைத்ததுதான் சட்டம். ஒருநாள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. மூன்று மாத வேலை போச்சு.

"பயமெதுக்குங்க? வெள்ளிக்கிழமை தவறாம மொத்த வேலையையும் நானே ஒரே கோப்பா மூட்டை கட்டித் தனி டிஸ்க்ல வச்சிருக்கேன். பன்னிரண்டு ஸ்னாப்ஷாட்," என்றார் தண்டபாணி முதலாளியிடம்.

மூன்று மாதம் முன்பு சேர்ந்த கவின்மொழி, கடைசி மூட்டையைப் பிரித்தாள். உள்ளே அவள் சேர்ந்தபோது இருந்த பழைய வேலைதான் கிடந்தது.

"இந்தப் பொண்ணுக்குப் பிரிக்கவே தெரியலைங்க. மத்தியானத்துக்குள்ள புதுசை எடுக்கலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுங்க," என்றார் தண்டபாணி.

கவின்மொழி பதறவில்லை. "ஏனுங்க சார், வாராவாரம் வேலை வளர்ந்துச்சுங்களே?"

"பின்னே?"

"அப்புறம் எப்படிங்க பன்னிரண்டு மூட்டையும் இம்மி பிசகாம ஒரே எடை?"

முதலாளி எட்டிப் பார்த்தார். தேதி வேறு வேறு, கோப்பின் அளவு மட்டும் ஒன்றே. முதல் வாரத்து மூட்டைக்கே பேரை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார் மனுஷன்.

"சீட்டை மாத்தி ஒட்டினா பழைய ஊறுகா புதுசாகுங்களா சார்?" என்றபடி, கவின்மொழி தன் மேசை இழுப்பறையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். தினமும் கிளம்புமுன் அவளும் ஒரு மூட்டை கட்டுவாள். கட்டியதைப் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். நேற்றுவரையிலான மூன்று மாத வேலையும் அதில் அப்படியே திறந்தது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மூட்டை கட்டுவது கவின்மொழி. அதை முதலாளி முன்னால் பிரித்துக் காட்டுவது தண்டபாணி.