மந்திரி வீட்டுக் காடு

முன்னொரு காலத்தில், பெருமையடித்துக்கொள்வதில் பேராசை கொண்ட மகாராஜா ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டு ராஜாக்கள் வாயைப் பிளக்கும்படி தம் நாட்டில் காடு வருஷா வருஷம் பெருக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வன மந்திரி சிங்கராயரோ மலைக்காட்டை வெட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஆனாலும், "காடு பெருகிவிட்டது, பிரபு!" என்று சபையில் முழங்குவார். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம் எல்லாமே அவர் கணக்கில் காடுதான். மகாராஜா பூரித்துப்போவார்.

போக்கிடமற்ற யானைகள் வயல்களில் இறங்கின. வெள்ளாயி என்ற குடியானவப் பெண் சபைக்கு வந்து அழுதாள்.

"காடே இல்லீங்க சாமி. அதுங்க எங்கதான் போகும்?"

"ராஜ நிந்தனை! இவளைச் சிறையில் அடையுங்கள்!" என்று சீறினார் மந்திரி.

விகடகவி கோனேரிக்கு மனசு கேட்கவில்லை. "மகாராஜா, இந்த அம்மாள் சொல்வதை..." என்று எழுந்தான்.

அரசருக்குச் செல்லமான அவனைக் கண்டாலே சிங்கராயருக்கு வயிறு எரியும். "அப்படியானால் இவரே யானைகளைக் காட்டில் கொண்டுபோய் விடட்டும், பிரபு. தவறினால் நாட்டைவிட்டே போகட்டும்!"

மகாராஜா அரைமனதாகத் தலையசைத்தார்.

கோனேரி கைகூப்பிக் கேட்டான்: "உத்தரவு. காடு எது என்று மட்டும் மந்திரியார் சொல்ல வேண்டும்."

"என் கணக்கில் உள்ள அத்தனையும் காடுதான்!"

கோனேரியின் முகம் மலர்ந்தது. வண்டி நிறையக் கரும்பு ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். யானைகள் மணம் பிடித்துப் பின்னால் வந்தன. குட்டி ஒன்று அவன் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுக்க, "பொறுடா ராஜா, வந்துட்டோம்" என்று கொஞ்சியபடியே நடந்தான்.

மறுநாள் சிங்கராயர் தலைப்பாகைகூட இல்லாமல் சபைக்கு ஓடிவந்தார். "பிரபு! என் வாழைத்தோட்டத்தில் யானைகள்!"

"தோட்டமா? தங்கள் கணக்கில் அது காடாயிற்றே!" என்றான் கோனேரி.

மகாராஜாவின் முகம் இறுகியது. "மலையில் என்னதான் மிச்சம்?"

"ஒன்றுமில்லை, பிரபு. வெட்டி விற்றுவிட்டேன்" என்று சிங்கராயர் தலைகுனிந்தார்.

மகாராஜா மெல்லக் கேட்டார்: "கோனேரி, என் நந்தவனமும் இவர் கணக்கில் காடுதானா?"

"ஆமாம், மகாராஜா. அங்கேதான் முதலில் கூட்டிப்போக நினைத்தேன். தாங்கள் மல்லிகைச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது ஞாபகம் வந்தது. மனசு வரவில்லை."

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டார். வெள்ளாயியைச் சபைக்கு வரவழைத்து, "இனி காடு எவ்வளவு என்று உன் ஊரார் பார்த்து வந்து சபையில் சொல்லட்டும்" என்றார். மலைக்காடு மறுபடி வளரும்வரை யானைகள் மந்திரியின் தோட்டத்திலேயே இருக்க, அவற்றுக்குத் தினமும் தீவனம் போட்டவர் சிங்கராயர்.