மஞ்சப்பை சொன்ன சேதி

கொரோனா காலத்துக் கதை இது. மூக்கை மூடிக்கொண்டே கேட்கலாம்.

திருப்பூரில் மரகதவல்லி அம்மாள் குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். கேட்டில் பெரிய பலகை: “மாவட்டம் தாண்டிப் போய்வந்தவர் யாரும் பதினாலு நாள் உள்ளே வரக்கூடாது.”

ஆயா பொன்னாத்தாள் கரூர் போய், பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றே, ஒளிக்காமல் சொன்னாள்.

அப்போதுதான் வந்து இறங்கிய மரகதவல்லி கத்தினாள். “பதினாலு நாள் வராதே. அப்புறமும் வராதே, வேற ஆள் போட்டுக்கறேன். நானெல்லாம் மூணு மாசமா ஊர் எல்லையைத் தாண்டலை, தெரியுமா?”

பொன்னாத்தாளுக்கு அந்த வேலைதான் சோறு. ஆனாலும் அவள் அழவில்லை.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களா அம்மணி?”

“எனக்கும் சேர்த்துத்தான்!”

பொன்னாத்தாள் பள்ளிக்கூடம் போனதில்லை. காப்பகத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தாள். அம்மாள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு தொங்கிய மஞ்சப்பையை உற்றுப் பார்த்தாள்.

“கல்யாண மண்டபம்... சேலம்... தேதி முந்தாநாளு. விருந்து பலமுங்களா அம்மணி?”

மரகதவல்லியின் முகக்கவசம் உள்ளே போய் வெளியே வந்தது. “ஒரே ஒரு நாள்தான்... நெருங்கின சொந்தம்...”

“நானும் ஒரே நாளுதானுங்க. வாங்க, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். திரும்பி வரயில உங்க நாற்காலி உங்களுக்குத்தானுங்களே? என் விளக்குமாறும் எனக்கே இருக்கட்டுமுங்க.”

பதினைந்தாம் நாள் நாற்காலியும் விளக்குமாறும் அவரவரிடம் வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து மரகதவல்லி சாப்பாடு கொண்டுவரும் பையில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.