தவசி பள்ளத்தாக்கைத் தூர்த்த கதை

எங்கள் தவசி அண்ணன் புளுகுவதில் ஒரு தனி ரகம். மற்றவர்களெல்லாம் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளப் புளுகுவார்கள். இவர், தன்னைப்போல ஒரு உதவாக்கரை இந்த உலகத்திலேயே கிடையாது என்று நிரூபிப்பதற்காகப் புளுகுவார். அதில் யாராவது போட்டிக்கு வந்தால் கோபம் வேறு வந்துவிடும்.

என் மகளுக்குக் காதுகுத்து. உசிலம்பட்டியில் மண்டபம் பிடித்திருந்தோம். உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் வெளியே பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லோரையும் கவனித்துக்கொண்டிருந்தாலும் என் கண் இரண்டு பேர் மேலேயே இருந்தது. ஒருவர் தவசி அண்ணன், பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அவருக்குச் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் மொக்கச்சாமி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டைக்குக் காரணம் சொத்தோ, சீட்டுப் பணமோ இல்லை. வீடியோ கேம்.

முப்பது வயது தாண்டிய இரண்டு பேருக்கும் லாரி ஆட்டம் ஒன்றில் பைத்தியம். மலைப்பாதையில் லோடு லாரி ஏற வேண்டும். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கிளீனர். தவசி அண்ணன் தன் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார், மொக்கச்சாமி தன் வீட்டிலிருந்து நெட் வழியாக "வரலாம், வரலாம், ஸ்டீரிங்க ஒடி, ஒடி" என்று கத்துவார். அண்ணனிடம் இருந்த கேம் பெட்டி ஜிங்கோ கம்பெனியுடையது. மொக்கச்சாமியிடம் டோமா கம்பெனிப் பெட்டி. இரண்டிலும் அந்த ஆட்டம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் சோறு தண்ணி இல்லாமல் மலை ஏறுவார்கள்.

பிறகு ஜிங்கோக்காரன் அந்த ஆட்டத்தைச் செய்தவர்களையே மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டான். இனிமேல் எங்கள் பெட்டியில் மட்டும்தான், அதுவும் மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று அறிவித்தான். அண்ணன் உடனே சந்தா கட்டினார். மொக்கச்சாமி பாதி மலையில் நின்றுபோனார்.

"ஒரு சந்தாவுக்கு நூறு ஆட்டம் குடுக்குறாண்டா. நீயும் ஜிங்கோ பெட்டி வாங்கிரு" என்றார் அண்ணன்.

"சந்தாவ நிப்பாட்டுனா நூறும் போயிரும். அது வாடகை வீடு. எனக்கு என் பெட்டி போதும்."

"காசு போட்டு வாங்குனவன் அவன் பெட்டியிலதான விடுவான்? இதுல என்ன தப்பு?"

"கூட ஆடுனவன நடுவழியில எறக்கி விட்டுட்டு எங்கிட்டயே நியாயம் பேசுறியா?"

அப்புறம் மொக்கச்சாமி வாயில் அண்ணன் ஜிங்கோவுக்கு அடிமை ஆனார், அண்ணன் வாயில் மொக்கச்சாமி டப்பாப் பெட்டிக்காரன் ஆனார். அதோடு முடிந்தது. விசேஷத்தன்றைக்கு அது மறுபடி வெடித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

அந்த நேரம் பார்த்துப் பெத்தணன் மாமா, ஒன்றும் அறியாத மனுஷன், சத்தமாகக் கேட்டுவிட்டார். "ஏப்பா தவசி, இன்னும் அந்த லாரி ஓட்டுறியா?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அத ஏன் மாமா கேக்குறீங்க. அந்தக் கம்பெனியே என்னால ஆடிப் போச்சு."

"அம்புட்டு நல்லா ஓட்டுனியா?"

"நல்லாவா? என்னைய மாதிரி மோசமா ஓட்டுறவன் இதுவரைக்கும் பொறக்கல மாமா. இனிமேயும் பொறக்க மாட்டான். சந்தா கட்டுனேன்ல, கிளீனருக்கு ஆள் இல்ல. சரின்னு கம்பெனியே கம்ப்யூட்டர் கிளீனர் ஒருத்தன ஏத்தி விட்டுச்சு. பொம்மை மாமா அவன். உசுரு கிடையாது. மொத வளைவு திரும்பறதுக்குள்ள என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தான் பாருங்க, கதவத் தொறந்து குதிச்சிட்டான். மறுநாளு ஆட்டத்தைப் போட்டா, வேற ஆட்டத்துல போயி பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான்."

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. அண்ணன் மனைவி செல்வராணி அண்ணி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். "ஆரம்பிச்சிட்டாரு."

"ஆள் இல்லாம ஓட்டுனா என்ன ஆகும்? பள்ளத்துல விழுந்தேன். மறுபடி எடுத்தேன், மறுபடி விழுந்தேன். காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி ஒருக்கா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா, மத்தியானம் சாப்பிட வந்தா ஒருக்கா. விழுந்த லாரியெல்லாம் அங்கனக்குள்ளயே கெடந்துச்சு மாமா. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அடுக்கி, ஒருநாள் பாக்குறேன், பள்ளத்தையே காணோம். தூந்து போச்சு!"

"தூந்து போச்சா?"

"ஜப்பான்காரன், பிரேசில்காரன் எல்லாம் அதே மலையிலதான ஓட்டுறான். அவெய்ங்க என்னா செஞ்சாய்ங்கன்னா, வளைஞ்சு வளைஞ்சு எதுக்குப் போகணும்னு, என் லாரிக மேலயே ஏத்தி நேரா எதுத்த மலைக்குப் போக ஆரம்பிச்சிட்டாய்ங்க. நடுவுல ஒருத்தன் டீக்கடை போட்டுட்டான். ஆட்டம் அம்புட்டுதான். கம்பெனிக்குக் கம்ப்ளெயிண்ட் மேல கம்ப்ளெயிண்ட். 'பள்ளத்தாக்கு எங்கய்யா, காசு வாங்குனேல்ல'ன்னு."

மொக்கச்சாமி இன்னும் திரும்பவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த செல்போன் அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அணைந்த போனையே தடவிக்கொண்டிருந்தார்.

"கம்பெனியிலருந்து போன். 'ஐயா, உங்க சந்தாவ நீங்களே நிப்பாட்டிருங்க, புண்ணியமாப் போகும்'னு ஒரு அம்மா அழுவுது. எனக்கும் பாவமா இருந்துச்சு. சரின்னு ரத்து பண்ணப் போனேன். அங்கதான் மாமா வில்லங்கம். சேர்றதுக்கு உள்ள பட்டன் மஞ்சப் பூசணி கணக்கா நடு டிவில ஒக்காந்திருக்கு. ரத்து பண்ற பட்டன், மூட்டைப்பூச்சி! இங்கிட்டு அமுக்கப் போனா அங்கிட்டு ஓடுது. டிவில வெரட்டுனேன், என் போனுக்குத் தாவிருச்சு. போன்ல வெரட்டுனேன், இவ போனுக்குப் போயிருச்சு."

"நான் பட்டன் போனுதான வச்சிருக்கேன்" என்றார் அண்ணி.

"அதான், பட்டனோட பட்டனா ஒளிஞ்சிக்கிருச்சு. அங்கருந்து வெரட்டுறேன், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிருச்சு. பஸ் போர்டுல எழுத்து ஓடும்ல? 'தேனி, போடி, சந்தா ரத்து'ன்னு ஓடுது! எட்டி அமுக்கலாம்னு கைய நீட்டுறேன், டிரைவர் வண்டிய எடுத்துட்டான். பின்னாடியே ஓடுனேன் மாமா. கண்டக்டர் எட்டிப் பாத்து, 'இது எக்ஸ்பிரஸ், நிக்காது'ன்னான்."

இந்த இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரின் தோள் ஒரு தடவை குலுங்கியதை நான் பார்த்தேன். உடனே அடக்கிக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "மாமா, அந்தாளக் கேளுங்க. இந்தப் பக்கம் வர்ற பஸ்ல எதுல போர்டு எரியுதுன்னு."

பொங்கலுக்குப் பிறகு அவர் அண்ணனைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அண்ணன் முகத்தில் ரத்தம் ஏறியது. அவரும் மாமாவைப் பார்த்தே பதில் சொன்னார்.

"அவருகிட்டச் சொல்லுங்க மாமா, அன்னைக்கு எரிஞ்சுச்சுன்னு. வேற வழியில்லாம கம்பெனிக்காரனே பிளேன் அனுப்பி என்னைய அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போனான்."

"உங்களுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாதே" என்றார் அண்ணி.

"நான் வண்டி ஓட்டுறதப் பாத்தவன் எவனும் எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டான். வழிய விட்டு ஒதுங்கத்தான் செய்வான். அங்க போனா, பெரிய ஹாலு. இந்தப் பக்கம் ஜிங்கோக்காரன், அந்தப் பக்கம் டோமாக்காரன். என்னைய வச்சுத்தான் பஞ்சாயத்து. நல்ல ஆட்டத்துக்கெல்லாம் 'எனக்கு மட்டும், எனக்கு மட்டும்'னு அடிச்சிக்கிருவாய்ங்கள்ல? என் விஷயத்துல 'உனக்கு மட்டும், உனக்கு மட்டும்'னு தள்ளி விடுறாய்ங்க! ஜிங்கோக்காரன் சொல்றான், 'இந்தத் தவசிய இனிமே டோமாவே வச்சிக்கிரட்டும், எழுதிக் குடுத்துர்றோம்'ங்கிறான். டோமாக்காரன் எந்திரிச்சு, 'எங்க கம்பெனில பிள்ளகுட்டிக்காரங்க வேலை செய்றாங்க'ங்கிறான்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நீ எந்த பாஷையிலப்பா பேசுன?"

"எனக்கு எங்க இங்கிலீஸ் வரும்? பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துற மாதிரி சொட்டுச் சொட்டாத்தான் வரும். கையாலயே பேசுனேன். நல்லாப் புரிஞ்சிக்கிட்டாய்ங்க. 'ஏய்யா, இது ரெண்டு பேரு ஆடுற ஆட்டம்யா. ஒருத்தன் ஓட்டணும், ஒருத்தன் பாத்துச் சொல்லணும். பாத்துச் சொல்றவன வேற பெட்டிக்காரன்னு வெளிய தள்ளிட்டீங்க. அப்புறம் தவசி பள்ளத்துல விழுறான் விழுறான்னா, விழாம என்ன செய்வான்? எனக்கு ஓட்டத் தெரியாதுய்யா. எனக்கு எப்பவுமே தெரியாது. இருந்த வரைக்கும் அவன்தான் ஓட்டுனான், நான் சும்மா ஸ்டீரிங்கப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்.' அப்பிடின்னேன்."

இதைச் சொல்லும்போது அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. பந்தலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணனுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. சட்டென்று கையை வீசி மறுபடி ஏற்றினார்.

"ஜிங்கோ முதலாளியம்மா தேம்பித் தேம்பி அழுதிருச்சு மாமா! கண்ணீரு ஓடிப் போயி கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள எறங்கிருச்சு. ஒலகம் பூரா அரைநாளு எவனும் ஆட முடியல. பிள்ளைகெல்லாம் பாடப் புஸ்தகத்த எடுத்துருச்சுக. அப்புறம் அந்தம்மா, 'நீங்க ஓட்டுறத ஒருதடவ நேர்ல பாக்கணும்'னுச்சு. பெரிய டிவியப் போட்டாய்ங்க. நான் எடுத்தேன் பாருங்க ஒரு திருப்பு, லாரி டிவியக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திருச்சு!"

"வெளிய வந்திருச்சா!"

"லோடோட! ஹாலுக்குள்ள பூந்து, மேசைய ஒடச்சு, ஜிங்கோ கம்பெனிக்கும் டோமா கம்பெனிக்கும் நடுவுல ஒரு செவரு இருக்கு, தேக்கடி டேம் கணக்கா. அதுல போயி மோதுச்சு. செவரு சோலி முடிஞ்சிருச்சு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே ஹால்ல ஒக்காந்து ஒரே கேண்டீன்ல சாப்பிடுறான். நான் மட்டும் ஒழுங்கா பிரேக் புடிச்சிருந்தா இது நடந்திருக்குமா? ஒலகத்துல ஒருத்தன் தன்னோட கையாலாகாத்தனத்தால இம்புட்டு நல்லது செஞ்சிருக்கானா, சொல்லுங்க."

பெத்தணன் மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள். அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, எல்லோரையும் பார்க்கிற சாக்கில் அந்த முதுகையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நாற்காலி கிறீச்சிட்டது. மொக்கச்சாமி திரும்பினார். சிரிப்பில்லை, கோபமும் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கிளச்சை விடச் சொல்லிக்கொடுக்கிற அதே முகம்.

"டேய் தவசி" என்றார். மாமா வழியாக இல்லை, நேராகவே. "எல்லாம் சரி. செவத்த ஒடச்ச, பள்ளத்தத் தூத்த. நான் ஒண்ணு கேக்குறேன். நம்ம ரெண்டு பேரு வீடும் எதுத்தெதுத்த வீடு. உன் வாசப்படியில நின்னு தும்முனா எங்க வீட்ல கேக்கும். ஒம் பெட்டியில ரெண்டு பேரு பக்கத்துல ஒக்காந்து ஆடலாம்ல? அந்தப் பெட்டியத் தூக்கிட்டு ரோட்டத் தாண்டி வந்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும். இதுக்கு எதுக்குடா அமெரிக்கா போன?"

"இதத்தான் நானும் அன்னைக்கே தலையில அடிச்சிக்கிட்டுச் சொன்னேன்" என்றார் அண்ணி.

தவசி அண்ணன் புளுகு வராமல் தவித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"அமெரிக்கா போறது லேசு மாப்ள. அங்க எவனும் என்னைய 'இப்ப எதுக்குடா வந்த'ன்னு கேக்க மாட்டான்."

"நான் கேப்பேன்" என்றார் மொக்கச்சாமி. "கேட்டுட்டுத்தான் உள்ள விடுவேன்."