காவி கேட்ட நப்பின்னை

ஆற்றங்கரை மடத்துக்கு நப்பின்னை வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒருநாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்குக் காவி கொடுங்கள் சுவாமி.”

“ஏன்?”

“எனக்கு உடலாசை இல்லை. முப்பத்தைந்து வயதாகிறது, ஒருநாளும் இருந்ததில்லை. துறவு எனக்குச் சுலபம்.”

“எனக்குப் பாகற்காய் பிடிக்காது,” என்றார் குரு. “அதைத் தின்னாமல் இருப்பதை விரதம் என்று சொல்லிக்கொள்ளலாமா?”

நப்பின்னைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“எதற்குப் பயந்து காவி கேட்கிறாய்?”

நப்பின்னை ஆற்றின் அக்கரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“அக்கரையில் மாசிலாமணி என்று ஒரு மாட்டு டாக்டர் இருக்கிறார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். என் சுபாவத்தை மறைக்காமல் சொல்லிவிட்டேன். ‘எனக்கும் அது பெரிதில்லை, தெரிந்துதான் கேட்கிறேன்’ என்கிறார். இன்று மாலை பதில் சொல்ல வேண்டும்.”

“உனக்கு அவரைப் பிடிக்குமா?”

“பிடிக்கும். அதுதான் குழப்பம். காமம் இல்லாதவளுக்குக் காதல் எதற்கு என்று என் அக்காவே கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

குரு கீரையில் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

“ஆள் எப்படி?”

நப்பின்னை சொல்லத் தொடங்கினாள். ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்கு அவர் தாலாட்டுப் பாடுவாராம். சுருதி சேரவே சேராது. பாட்டுக்குப் பயந்தே பசு ஈன்றுவிடும். மழைக்கு ஒதுங்கினால் சாரல் அடிக்கும் பக்கம் அவர்தான் நிற்பார். வழியில் ஒரு மயிலைப் பார்த்தால்கூட அவரிடம் சொல்லும்வரை இவளுக்கு இருப்புக்கொள்ளாது. அவரோடு சண்டை என்றால் சோறு இறங்காது. அவர் தோளில் சாய்ந்து உட்காரப் பிடிக்கும். அதற்கு மேல் எதுவும் தோன்றாது. காலையில் அந்த முகத்தில் விழிக்க வேண்டும். சேர்ந்தே நரைக்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது வேறு யாராகவும் இருக்கக் கூடாது.

சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் உண்டு, கை கழுவிப் போனார்கள். அன்று பந்தியில் கீரை இல்லை. வெயில் இறங்கியது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

பரிசல்காரன் அக்கரைக்கு ஆள் கூப்பிடும் குரல் கேட்டபோதுதான் சட்டென்று நிறுத்தினாள்.

“நேரம் போனதே தெரியவில்லை. என் கேள்விக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே சுவாமி.”

“நீ சொல்லிக்கொண்டிருந்தாய் அம்மா,” என்றார் குரு. “நடுவில் பேச வேண்டாமே என்று இருந்தேன்.”