புங்க இலையில ஏன் இம்புட்டுப் புடைப்பு

எந்தக் கோயில்ல வேணும்னாலும் கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்றேன், இதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. நம்பாதவுக இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க, இடமாச்சும் காலியாகும்.

அந்தக் காலத்துல, மரமும் பூச்சியும் வாய் ஓயாமப் பேசிக்கிட்டுத் திரிஞ்சப்ப, ஒச்சப்பன்னு ஒருத்தர் விளக்கெரிக்க எண்ணெய் வேணும்னு ஒரு புங்க மரம் வளர்த்தாரு. அந்தக் காய் எண்ணெயிலதான் ஊரு விளக்கெல்லாம் எரியும். புங்க இலை அப்ப, எண்ணெய் தடவுன மொட்டைத் தலை மாதிரி வழவழன்னு இருக்கும்.

ஒரு நாள் பொடிச்சின்னு ஒரு ஈ அந்த மரத்துக்கிட்ட வந்து மூச்சு வாங்க நின்னா. கொசுவுல பாதிதான் இருப்பா. வயிறு மட்டும் பூசணிக்கா.

"ஆத்தா, எனக்கு இது தலைப்பிரசவம். போக ஒரு தாய்வீடு கெடையாது. வேம்புகிட்ட இடம் கேட்டேன், வாயைத் தொறந்தாலே கசக்குறா. வெட்டவெளியில முட்டை வச்சா எறும்பு தூக்கிட்டுப் போயிரும்."

"அட கூறுகெட்டவளே, இம்புட்டு வயித்தத் தூக்கிக்கிட்டா அலைஞ்ச? இதுதான்டி உன் தாய்வீடு. ஏறு மேல."

பொடிச்சி இலையக் குத்தி முட்டை வச்சா. மரம் ஒவ்வொரு முட்டைக்கும் இலையிலயே குட்டி ரூம்பு கட்டி மூடுச்சு. ஒரே வாரத்துல இலையெல்லாம் புடைப்பு, முகப்பரு வந்த புது மாப்பிள்ளை மாதிரி.

ஒச்சப்பன் பாத்தாரு, கோடாலியோட வந்துட்டாரு. "பூச்சி விழுந்த மரம் இனிக் காய்க்குமா? வெட்டிட்டு வேற வைக்கப் போறேன்."

பொடிச்சி பதறிட்டா. "ஆத்தா, என்னால உன் ஆயுசு போகுதே! அந்த இலையெல்லாம் உதுத்துவிட்டுரு."

"சும்மா கெட. பேறுகாலத்துக்கு வந்த மகளை எவடி பாதியில வெரட்டுவா?"ன்னுட்டு மரம் ஒச்சப்பன் பக்கம் திரும்புச்சு. அந்நேரம் அவரு வீட்டுலேருந்து பச்சப்பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு. "ஏப்பா, உன் வீட்டுல யாரு அழுகுறது?"

"எம் பேரன். மக பிரசவத்துக்கு வந்திருக்கா."

"அவ வந்ததுலேருந்து வீடு எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்குற! கொடியெல்லாம் துணி, கட்டிலெல்லாம் மூத்திரம்."

"அப்ப அந்த வீட்டையும் இடிச்சிருவமா?"

ஒச்சப்பனுக்குக் கோடாலி கனத்துப்போச்சு. கீழ போட்டுட்டாரு. "காய் மட்டும் கொறையக் கூடாது, சொல்லிப்புட்டேன்."

"இலை எம் பிள்ளைகளுக்கு, காய் உனக்கு. போ, போயி பேரனைத் தூக்கு."

புடைப்பு வெடிச்சு முந்நூறு பேத்திக பறந்தாளுக. அத்தன பேரும் அடுத்த மாசமே வயித்தத் தள்ளிக்கிட்டு, "அம்மாச்சி!"ன்னு வந்து நின்னாளுக. மரம் தலையில அடிச்சுக்கிட்டே எல்லாத்துக்கும் இடம் விட்டுச்சு.

அன்னைக்குப் பிடிச்சுத்தான் எந்தப் புங்க மரத்தைப் பாத்தாலும் இலையெல்லாம் புடைப்பா இருக்கு, காயும் கொத்துக் கொத்தாத் தொங்குது.

ஏய், யாரும் நழுவாதீக! கதைக்கூலியா எனக்குத் தலைக்கு ஒரு வடை, கூட ஒரு டீ வாங்கிக் குடுங்க, சீனி தூக்கலா. ஓசியில கேட்டுட்டு ஓடுறவுக வீட்டுக்கு, மாமியார் பெட்டியோட வந்து எறங்குவாக.